யாராலும் அடிக்க முடியாத சில வாரங்கள்: பேஸ்பால் பிட்சர்களின் பெரிய ஓட்டங்கள்

கேள்வி இதுதான்: பேஸ்பாலில் சில பிட்சர்கள் திடீரென்று சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ யாராலும் தொட முடியாதவர்களாக ஆகிவிடுகிறார்களே, அது திறமையா, அதிர்ஷ்டமா? இதுவரை நடந்ததில் எது பெரியது? இப்போதெல்லாம் ஏன் அவ்வளவு நீளமாக எதுவும் நடப்பதில்லை?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர்ச்சியாக ரன் கொடுக்காத சாதனைகள் எல்லாவற்றிலும் பிட்சரின் கை பாதி, மற்றவர்களின் கை பாதி. பிட்சரின் கை மட்டும் எவ்வளவு வலுவாக இருந்தது என்று பார்த்தால் எனக்கு முதலில் வருபவர் 1999, 2000 ஆண்டுகளின் பெட்ரோ மார்ட்டினெஸ். ஆனால் ஒரு ஓட்டம் (ஒரு பிட்சர் தொடர்ந்து ரன் கொடுக்காமல் போகும் அந்தக் காலத்தைத்தான் இங்கே ஓட்டம் என்கிறேன்) எப்படி உருவாகிறது, எப்படி உயிர் பிழைக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால் 1988 செப்டம்பரில் ஓரல் ஹெர்ஷைசர் செய்ததைத்தான் பார்க்க வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் தலா மூன்று அவுட் ஆகும்வரை ஆடும். பிட்சர் என்பவர் பந்து வீசுபவர், கேட்சர் விக்கெட் கீப்பர் மாதிரி. பேட் செய்தவர் மூன்று பேஸ்களையும் தாண்டி, தொடங்கிய இடமான ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். ரன்னே கொடுக்காத ஒரு இன்னிங்ஸ் என்பது மெய்டன் ஓவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு பந்து போட்டால் ஓவர் முடிந்துவிடும், இங்கே மூன்று பேரை அவுட் ஆக்கினால்தான் முடியும். அந்த மூன்றாவது அவுட் கிடைக்கும்வரை ஆபத்து கூடிக்கொண்டே போகலாம். அப்புறம், ஈ.ஆர்.ஏ. என்று ஒரு எண் வரும். ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, 9 இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது அது. 4 சாதாரணம், 3 நல்லது, 2-க்குக் கீழே போனால் ஊரே பேசும்.

சரி, 1988. ஹெர்ஷைசர் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர். ஒல்லியான உடம்பு, சாந்தமான முகம். பார்த்தால் வாத்தியார் மாதிரி இருப்பார். முரட்டுத்தனம் வரட்டும் என்றே மேனேஜர் டாமி லசோர்டா அவருக்கு 'புல்டாக்' என்று பட்டப்பெயர் வைத்தார். மிரட்டும் வேகம் அவரிடம் இல்லை. அவருடைய ஆயுதம் சிங்க்கர்: பேட்டை நெருங்கும்போது கீழே இறங்கும் பந்து. அதை ஓங்கி அடித்தாலும் பெரும்பாலும் தரையில்தான் உருளும், உருளும் பந்தை ஃபீல்டர்கள் எடுத்து எறிந்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 30 அன்று மாண்ட்ரியலுக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி 4 இன்னிங்ஸில் அவர் ரன் கொடுக்கவில்லை. அதன்பிறகு செப்டம்பர் 5, 10, 14, 19, 23 என்று ஐந்து ஆட்டங்கள். ஐந்தையும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அவரே வீசினார், ஐந்திலும் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. இதில் இரண்டு ஆட்டங்களை டாட்ஜர்ஸ் வென்றது 1-0 என்ற கணக்கில். அதாவது, ஒரே ஒரு தப்பு நடந்திருந்தால் ஓட்டத்தோடு முன்னிலையும் போயிருக்கும். இப்படி 49 இன்னிங்ஸ் ஆயிற்று. பழைய சாதனை 58. அதை வைத்திருந்தவர் அதே அணியின் டான் டிரைஸ்டேல், 1968-இல். 1988-இல் டிரைஸ்டேல் டாட்ஜர்ஸின் வர்ணனையாளர். தன் சாதனையை நோக்கி ஒருவர் நெருங்கி வருவதை மைக்கின் முன் உட்கார்ந்து ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெர்ஷைசருக்கு அந்த சீசனில் மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், செப்டம்பர் 28, சான் டியேகோவில். 9 இன்னிங்ஸும் ரன் கொடுக்காமல் வீசினாலும் 58-ஐச் சமன் செய்வதோடு சரி. தாண்ட வேண்டுமானால் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போக வேண்டும், அதற்கு அவருடைய சொந்த அணியும் ரன் எடுக்காமல் இருக்க வேண்டும். நடந்தது அப்படியேதான். எதிரணியின் ஆண்டி ஹாக்கின்ஸும் அன்று அபாரமாக வீசினார், அவரும் 10 இன்னிங்ஸ் ரன் கொடுக்கவில்லை. 59 என்ற அந்த எண்ணில் ஹாக்கின்ஸுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்தப் பத்தாவது இன்னிங்ஸை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முதலில் வந்த மார்வெல் வின் ஸ்ட்ரைக்அவுட் ஆனார், அதாவது பந்தை மூன்று முறை தவறவிட்டார். ஆனால் அந்தக் கடைசிப் பந்து கேட்சரைத் தாண்டிப் போய்விட்டதால் விதிப்படி அவர் முதல் பேஸுக்கு ஓடித் தப்பித்தார். அடுத்தவர் தன் அவுட்டைக் கொடுத்து அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். அதற்கடுத்த அவுட்டில் அவர் மூன்றாவது பேஸுக்கு வந்தார். இப்போது இரண்டு அவுட், ஒரு சிறு தவறு நடந்தாலும் ரன். கேரி டெம்பிள்டனை வேண்டுமென்றே வாக் கொடுத்து, அதாவது அடிக்க எட்டாத நான்கு பந்துகளைப் போட்டு, முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். அப்புறம் கீத் மோர்லாண்ட் வந்தார், வலது பக்கம் தூக்கி அடித்தார், அங்கே ஃபீல்டர் பிடித்துவிட்டார். 59. அதோடு ஹெர்ஷைசர் வெளியே வந்தார். ஆட்டம் 16 இன்னிங்ஸ் வரை இழுத்து, கடைசியில் டாட்ஜர்ஸ் 2-1 என்று தோற்றது. அந்தத் தோல்வி இன்று யாருக்கும் நினைவில் இல்லை.

ஸ்ட்ரைக்அவுட் ஆன ஒருவர் பேஸில் நிற்கிறார், கடைசி அவுட் ஒரு ஃபீல்டரின் கையுறையில் விழுகிறது. எவ்வளவு பெரிய பிட்சரானாலும் பந்து கையை விட்டுப் போனபிறகு நடப்பதில் பாதி அவர் வசம் இல்லை. பேட்டில் பட்டு மைதானத்துக்குள் வரும் பந்துகளில் ஏறத்தாழ பத்தில் மூன்று ஹிட் ஆகிவிடும், அதாவது அடித்தவர் அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்விடுவார். இது பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறாத விகிதம். சிறந்த பிட்சருக்கு அது கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அவர் உண்மையில் ஆளுவது வேறு மூன்று விஷயங்களை: எத்தனை பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்கிறார், எத்தனை பேருக்கு வாக் கொடுக்கிறார், எத்தனை ஹோம் ரன் (சிக்ஸர் மாதிரி எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடி) கொடுக்கிறார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிட்சர் தன் இன்னிங்ஸ்களில் 80 சதவீதத்தை ரன் கொடுக்காமல் முடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அதுவே மிக நல்ல பிட்சர்தான். அவர் ஏதோ ஒரு நாளில் தொடங்கித் தொடர்ந்து 59 இன்னிங்ஸ் ரன் இல்லாமல் போவதற்கான வாய்ப்பு ஐந்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. 85 சதவீதம் என்றால் சுமார் பதினைந்தாயிரத்தில் ஒன்று. 1968-இல் பாப் கிப்சன், நவீன காலத்தின் மிகச் சிறந்த பிட்சிங் சீசன்களில் ஒன்றை ஆடியபோது, கிட்டத்தட்ட இந்த 85-ஐ ஒட்டியோ சற்று மேலேயோதான் இருந்திருப்பார். ஏனென்றால் 305 இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் குறைவாக வீசி, அவர் மொத்தம் கொடுத்த ரன்கள் 49. ஆக கிப்சன் தரத்தில் இருப்பவருக்கே 59 என்பது அபூர்வம். ஒரு சீசனில் ஓட்டம் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், பிட்சர்களும் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள், அதனால்தான் எப்போதாவது ஒருவருக்கு அமைகிறது. திறமை இல்லாதவர் அந்தச் சீட்டுக் குலுக்கலுக்குள்ளேயே நுழைய முடியாது. திறமை இருந்தாலும் சீட்டு விழ வேண்டும்.

சீட்டு விழுந்ததற்குச் சாட்சி வேண்டுமா? ஹெர்ஷைசர், டிரைஸ்டேல் இருவரின் சாதனைகளுக்குள்ளும் ஒரு அம்பயரின் தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. 1988 செப்டம்பர் 23, சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக மூன்றாவது இன்னிங்ஸ். முதல் பேஸில் பிரெட் பட்லர், மூன்றாவதில் ஹோசே உரிபே, ஒரு அவுட். தரையில் உருண்ட பந்தை எடுத்து இரண்டு பேரை அவுட் ஆக்கப் பார்த்தார்கள், ஆனால் இரண்டாவது எறி குறி தவறிப் போயிற்று. உரிபே ஹோமுக்கு ஓடி வந்துவிட்டார். ஓட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்பயர் பால் ரங்கே, எறிபவரைத் தடுக்கும் விதமாக பட்லர் தன் பாதையை விட்டு விலகி ஓடினார் என்று சொல்லி, டபுள் பிளே, அதாவது இரண்டு பேருமே அவுட், என்று தீர்ப்புக் கொடுத்தார். ரன் ரத்து. ஓட்டம் 42-இல் நிற்காமல் தொடர்ந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன் டிரைஸ்டேலுக்கும் அதே சான் பிரான்சிஸ்கோ அணியோடு இதே மாதிரி நடந்தது. 1968 மே 31. ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்டும் இல்லை. டிக் டீட்ஸ் பேட் பிடிக்கிறார். டிரைஸ்டேல் வீசிய பந்து அவர் கையில் பட்டது. உடம்பில் பந்து பட்டால் முதல் பேஸ் இலவசம், எல்லா பேஸிலும் ஆள் இருப்பதால் ஒருவர் தானாகவே ஹோமுக்கு வருவார், ரன். ஆனால் அம்பயர் ஹாரி வெண்டல்ஸ்டெட், டீட்ஸ் விலக முயற்சியே செய்யவில்லை என்று சொல்லி அதை வெறும் 'பால்' (குறி தப்பி வெளியே போன பந்து) என்று அறிவித்தார். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்தி யாரும் அதிகம் பார்த்ததில்லை. பெரிய வாக்குவாதம் நடந்தது. பிறகு டீட்ஸ் ரன் வராத அளவுக்குச் சிறிய ஒரு கேட்ச் கொடுத்தார். அடுத்தவர் அடித்ததில் ஹோமில் ஒரு அவுட், மூன்றாவது ஆள் கேட்ச். மூன்று பேஸிலும் ஆள் வைத்துக்கொண்டு டிரைஸ்டேல் தப்பினார். தீர்ப்பு அவருக்கு ஒரு வாய்ப்புத்தான் கொடுத்தது, அதற்குப் பின்னால் அந்த மூன்று பேரை அவுட் ஆக்கியது அவர்தான். அதனால் இந்தச் சாதனைகளை யாராவது மட்டம் தட்டினால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த ஆட்டத்தில், ஜூன் 4 அன்று, டிரைஸ்டேல் தொடர்ந்து ஆறாவது ஷட்அவுட்டை, அதாவது எதிரணிக்கு ரன்னே கொடுக்காமல் தானே முழுதாக வீசிய ஆட்டத்தை, முடித்தார். அன்றுதான் கலிபோர்னியா முதல்நிலைத் தேர்தல். அன்றிரவு லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் ஒன்றில் வெற்றி உரை நிகழ்த்திய, அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ராபர்ட் கென்னடி, டிரைஸ்டேலின் ஆறாவது ஷட்அவுட்டை மேடையிலேயே பாராட்டினார். சில நிமிடங்களில் சுடப்பட்டார். அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசும் யாரும் அந்த இரவைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

அதே கோடையில் செயின்ட் லூயிஸில் பாப் கிப்சன் செய்துகொண்டிருந்தது, என் கணக்கில், டிரைஸ்டேல் செய்ததைவிடப் பெரியது. ஜூன் மாதத்தில் தொடர்ந்து ஐந்து ஷட்அவுட். 47 இன்னிங்ஸ் ரன் இல்லாமல் வந்துகொண்டிருந்தார். ஜூலை 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில், எதிரே வீசியவர் சாட்சாத் டிரைஸ்டேலே, முதல் இன்னிங்ஸிலேயே கிப்சன் வீசிய ஒரு பந்து கேட்சருக்குச் சிக்காமல் போய்விட, மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி வந்தார். ஹிட்டில்கூட வராத ரன். அந்த ஆட்டத்தில் அதற்குப்பின் அவர் ரன்னே கொடுக்கவில்லை. அடுத்த ஆட்டமும் ஷட்அவுட். அந்த ஒரு பந்தைக் கேட்சர் மறித்து நிறுத்தியிருந்தால் இன்று நாம் ஹெர்ஷைசரின் 59-ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம், கிப்சனின் 60-க்கு மேற்பட்ட ஒரு எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

அந்த ஆண்டு கிப்சனின் ஈ.ஆர்.ஏ. 1.12, ஷட்அவுட்டுகள் 13. அப்படியும் 9 ஆட்டங்களில் தோற்றார். செப்டம்பர் 17 அன்று அவர் கொடுத்தது ஒரே ரன், ஆனால் எதிரணியின் கேலார்ட் பெரி அன்று நோ-ஹிட்டரே வீசிவிட்டார், அதாவது ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில் டெட்ராய்டின் 17 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அது இன்றுவரை அந்தத் தொடரின் சாதனை. 1968-ஐப் 'பிட்சர்களின் ஆண்டு' என்பார்கள். இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதலிடம் வந்த பேட்டரின் சராசரியே .301 தான், அதாவது பத்து முயற்சிக்கு மூன்று ஹிட். அடுத்த ஆண்டே மவுண்டின் (பிட்சர் நின்று வீசும் மேடு) உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள், பந்து எதற்குள் வந்தால் நல்ல பந்து என்று கணக்காகுமோ அந்த ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். கிப்சன் ஒருவருக்காக மட்டும் விதி மாறவில்லை, ஆனால் அவருடைய அந்த ஆண்டை வைத்துத்தான் எல்லோரும் அந்த மாற்றத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் பெட்ரோ மார்ட்டினெஸுக்கு வருகிறேன். கிப்சனும் டிரைஸ்டேலும் வீசியது பிட்சர்களுக்குச் சாதகமான காலம். பெட்ரோ பாஸ்டனுக்காக வீசியது நேர் எதிரான காலம். ஊக்கமருந்து பரவலாகப் புழங்கிய வருடங்கள், ஹோம் ரன்கள் மழையாகப் பொழிந்தன. 2000-இல் அமெரிக்கன் லீகின் மொத்த ஈ.ஆர்.ஏ. 4.91. பெட்ரோவின் எண் 1.74. அவருக்கு அடுத்து இரண்டாமிடத்தில் இருந்த ராஜர் கிளெமென்ஸின் எண் 3.70. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ரன். 217 இன்னிங்ஸில் 128 ஹிட்டும் 32 வாக்கும் மட்டும் கொடுத்து, 284 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். நான் முன்னால் சொன்ன, பிட்சரின் வசம் இருக்கும் அந்த மூன்று விஷயங்களில் எதை எடுத்தாலும் இவர் உச்சத்தில் நிற்பார். அதனால்தான் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகக் குறைவாக இருந்த ஓட்டம் இது என்கிறேன்.

உயரம் 5 அடி 11 அங்குலம், மெலிந்த உடம்பு. இந்த உடம்பு தாங்காது என்று நினைத்துத்தான் டாட்ஜர்ஸ் அவரை 1993-இல் மாண்ட்ரியலுக்குக் கொடுத்தது. ஆனால் விரல்கள் மிக நீளம். வேகப் பந்துக்கும் மெதுவாக வரும் சேஞ்சப்புக்கும் கை ஒரே மாதிரிதான் சுழலும். பேட்டர் முதலாவதை எதிர்பார்த்துச் சுழற்றி முடித்தபிறகு இரண்டாவது வந்து சேரும். 1999 செப்டம்பர் 10 அன்று நியூயார்க்கில் யாங்கீஸின் 17 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அன்று யாங்கீஸுக்குக் கிடைத்தது ஒரே ஹிட், சில்லி டேவிஸின் ஹோம் ரன். அதே ஆண்டு அக்டோபரில் கிளீவ்லாண்டில், தொடரின் கடைசி ஆட்டம், 8-8 என்று இருக்கும்போது முதுகு வலியோடு உள்ளே வந்தார். வேகம் போடவே முடியாத நிலை. சேஞ்சப்பையும் வளைந்து வரும் பந்தையும் மட்டும் நம்பி ஆறு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. பாஸ்டன் 12-8 என்று வென்றது. ஒரு பிட்சரின் முழு ஆட்சியைப் பார்க்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், 17 ஸ்ட்ரைக்அவுட் ஆட்டத்தை விட்டுவிட்டு இந்த ஆறு இன்னிங்ஸைத்தான் காட்டுவேன்.

இதற்கு எதிர்முனையில் ஜானி வாண்டர் மீரை வைக்கலாம். 1938 ஜூன் 11 அன்று ஒரு நோ-ஹிட்டர். நான்கு நாள் கழித்து புரூக்ளினில் இன்னொரு நோ-ஹிட்டர். அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் இதை வேறு யாரும் செய்ததில்லை. ஆனால் இரண்டாவது ஆட்டத்தில் அவர் கொடுத்த வாக் 8, ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று பேஸையும் வாக்கிலேயே நிரப்பிவிட்டார். அதிசயமான நான்கு நாட்கள்தான், சந்தேகமில்லை. ஆட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வாழ்நாள் கணக்கு 119 வெற்றி, 121 தோல்வி.

ஓட்டம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு வருவோம். பல சமயம் காரணம் கையில், காலில் இருக்கும் ஒரு சிறிய மாற்றம். ஜேக் அரியெட்டா இதற்கு நல்ல உதாரணம். பால்டிமோரில் அவர் வீசிய காலத்தில் ஈ.ஆர்.ஏ. 5.46. ஆளை விட்டால் போதும் என்ற நிலை. 2013 ஜூலையில் சிகாகோ கப்ஸுக்கு வந்தார். அவர் இயல்பாகவே ஹோம் பிளேட்டை நோக்கி நேராகக் கால் வைக்காமல், மூன்றாவது பேஸ் பக்கமாகச் சாய்த்து வைத்து, உடம்பின் குறுக்கே வீசுபவர். பழைய இடத்தில் அதைத் திருத்தப் பார்த்தார்கள். கப்ஸ் அதை அப்படியே விட்டுவிட்டது. 2015-இன் இரண்டாம் பாதியில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 0.75. சீசன் நடுவே நடக்கும் ஆல்-ஸ்டார் ஆட்டம் 1933-இல் தொடங்கியதிலிருந்து, அந்த இடைவேளைக்குப்பின் யாரும் இவ்வளவு குறைவாகக் கொடுத்ததில்லை. ஆகஸ்ட் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நோ-ஹிட்டர். அக்டோபரில், தோற்றால் சீசனே முடிந்துவிடும் ஆட்டத்தில், பிட்ஸ்பர்க்கில் ஒரு ஷட்அவுட். அதோடு எரிபொருள் தீர்ந்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் நான்கு நான்கு ரன் கொடுத்தார். அந்த சீசனில் ஏற்கனவே 229 இன்னிங்ஸ் வீசிய கை அது.

அதே 2015-இல் இன்னொரு ஓட்டமும் நடந்தது. டாட்ஜர்ஸின் ஸாக் கிரெய்ங்கி 45⅔ இன்னிங்ஸ் ரன் இல்லாமல் வந்தார். அது முடிந்த விதத்தைப் பாருங்கள். ஜூலை 26, நியூயார்க். எதிரணிப் பிட்சர் ஜேக்கப் டிகிராம் பேட் பிடிக்க வந்தார். அப்போது நேஷனல் லீகில் பிட்சர்களும் பேட் செய்ய வேண்டும். அவர் தரையில் உருட்டிவிட்ட ஒரு சாதாரணப் பந்தில் மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி வந்துவிட்டார். லீகின் சிறந்த பேட்டர்களால் முடியாததை ஒரு பிட்சர் முடித்துவைத்தார்.

ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவை எண்களுக்காக மட்டும் சேர்த்தாலும் தகும், ஆனால் எண்கள் அவருடைய கதையில் சின்னப் பகுதிதான். மெக்சிகோவின் சோனோராவில் ஒரு சிற்றூரில் பிறந்தவர், 20 வயது. 1981-இல் டாட்ஜர்ஸின் முதல் ஆட்டத்தில் வீச வேண்டியவருக்குக் காயம் பட்டதால் இவரை இறக்கினார்கள், ஷட்அவுட் வீசினார். முதல் எட்டு ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஐந்து ஷட்அவுட், ஈ.ஆர்.ஏ. 0.50. வானத்தைப் பார்த்தபடி கையைத் தூக்கி, வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் திரும்பும் ஸ்க்ரூபாலை வீசுவார். டாட்ஜர்ஸின் மைதானம் கட்டப்பட்ட மலைச்சரிவில் முன்பு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1950-களில் அவர்களை அங்கிருந்து வெளியேற்றியிருந்தார்கள். அந்தக் காயத்தோடு ஒதுங்கியிருந்த மக்கள் கூட்டம் கூட்டமாக மைதானத்துக்கு வரத் தொடங்கியது இந்தப் பையனைப் பார்க்கத்தான். எட்டு வெற்றிக்குப் பின் அந்த ஆண்டு அவர் கணக்கு 5 வெற்றி, 7 தோல்வி. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

சரி, இப்போது ஏன் இல்லை? காரணம் திறமைக் குறைவு அல்ல. சொல்லப்போனால் இன்றைய பிட்சர் ஒரு பந்துக்கு ஒரு பந்து பழைய ஆட்களைவிடக் கடினமானவர். ஆனால் அவரை நீண்ட நேரம் வீச விடுவதில்லை. ஒரு பேட்டர் ஒரே ஆட்டத்தில் அதே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார் என்று கணக்குகள் தெளிவாகக் காட்டிவிட்டன. கூடவே முழங்கைத் தசைநார் பற்றிய பயம். அதனால் ஐந்தாறு இன்னிங்ஸ், சுமார் 90-100 பந்து, பிறகு ஆள் மாற்றம். 1988-இல் ஹெர்ஷைசர் ஒருவரே 15 ஆட்டங்களை முழுதாக வீசினார். இப்போது 30 அணிகளும் சேர்ந்தே ஒரு சீசனில் சுமார் முப்பது ஆட்டங்களைத்தான் அப்படி முடிக்கின்றன.

2022 ஏப்ரலில் ஒரே வாரத்தில் இதை இரண்டு கண்டங்களில் பார்த்தோம். ஏப்ரல் 10, ஜப்பானில் சிபா லோட்டே அணியின் 20 வயது ரோகி சசாகி பெர்ஃபெக்ட் கேம் வீசினார்: 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். 19 ஸ்ட்ரைக்அவுட், அதில் 13 தொடர்ச்சியாக. அவருக்குப் பந்து பிடித்த கேட்சர் பள்ளி முடித்து வந்த 18 வயதுப் பையன். மூன்று நாள் கழித்து மினசோட்டாவில் டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் வைத்திருந்தார், 80 பந்தோடு அவரை வெளியே எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு சசாகி மறுபடி வந்தார், மறுபடி எட்டு இன்னிங்ஸ் பெர்ஃபெக்ட். ஸ்கோர் 0-0. 102 பந்து ஆகியிருந்தது, அவரையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு ஆட்டத்தில் 17 இன்னிங்ஸ், ஒரு ஆளும் பேஸ் தொடவில்லை. இன்னொரு இன்னிங்ஸ் விட்டிருக்கலாமே என்று என் மனம் இன்றும் கேட்கிறது. 20 வயதுக் கையைப் பார்த்து முடிவெடுத்த பயிற்சிக் குழுவைத் தப்பு சொல்லவும் முடியவில்லை.

டிகிராமின் 2021 தான் இந்தக் காலத்தின் உண்மையான முகம். 15 ஆட்டங்கள், 92 இன்னிங்ஸ், 146 ஸ்ட்ரைக்அவுட், 11 வாக், ஈ.ஆர்.ஏ. 1.08. கிப்சனின் 1.12-ஐவிடக் குறைவு. ஆனால் ஜூலை தொடக்கத்தோடு கை நின்றுவிட்டது, அந்த சீசனில் திரும்பி வரவேயில்லை. 2023-இல் முழங்கை அறுவை சிகிச்சை. 99 மைல் வேகத்தில் அவ்வளவு துல்லியமாக வீசிய கையால் அதை ஒரு முழு சீசன் தாங்க முடியவில்லை.

இதற்கு விதிவிலக்காக 2025 அக்டோபரில் ஒருவர் வந்தார். டாட்ஜர்ஸின் யோஷினோபு யமாமோடோ, மில்வாக்கிக்கு எதிராக 111 பந்தில் முழு ஆட்டம், அடுத்து டொராண்டோவில் வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில் 105 பந்தில் இன்னொரு முழு ஆட்டம். இரண்டிலும் கொடுத்தது ஒவ்வொரு ரன். மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் இழுத்தபோது, தேவைப்பட்டால் நானே வீசுகிறேன் என்று கையைச் சூடாக்கிக்கொண்டு நின்றார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசி வென்றார். மறுநாளே ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் உள்ளே வந்து, பதினோராவதில் டபுள் பிளேயோடு தொடரை முடித்தார். ஒரே வேர்ல்ட் சீரிஸில் மூன்று வெற்றி, 2001-இல் ராண்டி ஜான்சனுக்குப் பிறகு இவருக்குத்தான். ஆர்வமிருந்தால் அந்த ஏழாவது ஆட்டத்தின் கடைசி மூன்று இன்னிங்ஸைத் தேடிப் பாருங்கள்.

ஹெர்ஷைசரின் 59 உடையுமா என்று கேட்டால், இப்போதைய முறைப்படி வீசும் ஒருவரால் உடையாது என்றே நினைக்கிறேன். ஏழு ஆட்டங்களில் அவர் சேர்த்ததை ஆட்டத்துக்கு ஆறு இன்னிங்ஸ் வீதம் சேர்க்க இன்று பத்து ஆட்டம் வேண்டும். பத்து ஆட்டம் என்றால் ஏறத்தாழ இரண்டு மாதம், நடுவில் ஒரு சின்னக் காயமும் வரக்கூடாது. ஆட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ் வீசும் ஒரு ரிலீவர் வேண்டுமானால் ஒரு சீசன் முழுக்கச் சேர்த்து நெருங்கலாம். அந்த 59-கூட ஹெர்ஷைசர் வீசியது முழுவதும் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக முதல் ஆட்டத்தில் இன்னும் எட்டு இன்னிங்ஸ் ரன் இல்லாமல் வீசினார், ஆனால் பிளேஆஃப் இன்னிங்ஸ் சாதனைக் கணக்கில் சேராது. கணக்குப்படி அந்த ஓட்டம் முடிந்தது 1989 ஏப்ரல் 5 அன்று சின்சினாட்டியில், புதிய சீசனில் அவர் வீசிய முதல் இன்னிங்ஸிலேயே. டாட் பென்சிங்கர் ஒரு ஹிட் அடித்தார், பாரி லார்கின் ஓடி வந்தார்.